சுட்டவர்களும் பிடித்தவர்களும்

பதுளை டவுனில் புனித மார்க் தேவாலயத்தைத் தாண்டிப் போகாதவர்கள் நம்மில் யாரும் இருக்க மாட்டோம். உள்ளே ஒரு நினைவுக் கல் இருக்கிறது. மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ், பதுளையின் உதவி அரசாங்க அதிபர், மாவட்ட நீதிபதி, 1845 ஜூன் 7ஆம் திகதி ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவர் நினைவாகத்தான் அந்தக் கோயிலே கட்டப்பட்டது.

ரொஜர்ஸைப் பற்றி இன்னொரு கணக்கும் உண்டு. அவர் சுட்டுக் கொன்ற யானைகள் சுமார் 1,400 என்று அந்தக் காலத்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு ஆள்! நுவரெலியாவில் இருக்கும் அவருடைய கல்லறையிலும் மின்னல் திரும்பத் திரும்ப விழுந்ததாக ஊரில் சொல்லுவாங்க. யானைகளின் சாபம் என்பார்கள். சாபத்தை விட்டுவிடுவோம், காரணத்தைப் பார்ப்போம். கோப்பித் தோட்டத்துக்காகக் காடு அழிந்துகொண்டிருந்த காலம் அது. யானை ஒரு தொந்தரவு, அதைக் கொன்றால் அரசாங்கமே சில ஷில்லிங் வெகுமதி கொடுத்தது. 1848க்கு முந்தைய மூன்று வருஷத்துக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளும், 1851இலிருந்து 1856 வரை தென் மாகாணத்தில் 2,000 யானைகளும் கொல்லப்பட்டதாக எமர்சன் டெனன்ட் பதிவு செய்திருக்கிறார். ரொஜர்ஸ் ஒரு தனி வெறியர் இல்லை, அரசாங்க வேலையும் வேட்டையும் ஒரே கையில் இருந்த காலத்தின் ஆள்.

அவருக்குப் பிறகு வந்தவர் சாமுவேல் பேக்கர். 1848இல் நுவரெலியாவில் குடியேறினார். நாங்கள் ஒஹியவில் கோச்சியை விட்டு இறங்கி ஏறிப் போகிற ஹோர்ட்டன் சமவெளியில் வேட்டை நாய்களோடு மரைகளைத் துரத்தினார், அதைப் பற்றி இரண்டு புத்தகமும் எழுதினார். பிறகு ஆபிரிக்காவுக்குப் போய், 1864இல் ஒரு பெரிய ஏரிக்கரையை அடைந்து அதற்கு அல்பர்ட் என்று பெயர் வைத்தார். அந்த ஏரிக்கு அங்கே வாழ்ந்தவர்கள் வைத்த பெயர் ஏற்கெனவே இருந்தது. இங்கே ஒரு நீர்வீழ்ச்சிக்கும் அவர் பெயர்தான். பேக்கருக்கு நம்ம மலைநாடு ஒரு பயிற்சிக்கூடம் மாதிரி இருந்திருக்கிறது என்பது எங்கள் எண்ணம். துப்பாக்கியோடு போவது, பெயர் வைப்பது, ஊருக்குத் திரும்பிப் புத்தகம் போடுவது. இந்த வரிசை பிறகு ஆபிரிக்கப் பயணங்களின் வாய்ப்பாடாகவே ஆகிவிட்டது.

துப்பாக்கியின் இடத்துக்குக் கேமரா வந்தது அதற்கு அரை நூற்றாண்டு கழித்து. 1902இல் எட்வர்ட் நோர்த் பக்ஸ்டன் என்ற ஆங்கிலேயர், மிருகத்தைச் சுடாமல் படமெடுங்கள் என்று வாதாடினார். 1905இல் ஷில்லிங்ஸ் என்ற ஜெர்மானியர், கிழக்கு ஆபிரிக்காவில் இரவில் பிளாஷ் அடித்து எடுத்த சிங்கப் படங்களோடு ஒரு புத்தகம் வெளியிட்டார். புத்தகத்தின் தலைப்பில் பிளாஷும் துப்பாக்கியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அவர் இரண்டையும்தான் தூக்கிக்கொண்டு போனார். தூக்கியது அவரில்லை, சுமைகாரர்கள்தான். சபாரி என்ற சொல்லே சுவாஹிலியில் பயணம், அரபிச் சொல்லிலிருந்து வந்தது. நம்ம முஸ்லிம் நண்பர்கள் 'சபர்' போறோம் என்பதும் அதே சொல்தான். ஆங்கிலத்தில் படத்தைச் 'சுடுகிறார்கள்', தமிழில் நாம் 'பிடிக்கிறோம்'. இரண்டுமே வேட்டைக்காரன் பேச்சுதான் என்று யோசித்தால் கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

தென்னாபிரிக்காவுக்கும் ஊவாவுக்கும் நேரடியாகவே ஒரு முடிச்சு உண்டு. அது தியத்தலாவையில் விழுந்தது. போயர் யுத்தத்தில் பிடிபட்டவர்களை 1900இல் பிரிட்டிஷார் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்தார்கள். தகர முகாமில் சுமார் 5,000 பேர் அடைபட்டிருந்தார்கள். 1902இல் யுத்தம் முடிந்ததும், பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தால் ஊருக்குப் போகலாம் என்றார்கள். மறுத்த ஒரு சிலரில் எங்கெல்பிரெக்ட் என்பவரும் ஒருவர். அவர் நாடு திரும்பவே இல்லை. அவருக்கு என்ன வேலை கிடைத்தது தெரியுமா? யாலவின் முதல் வனவிலங்குக் காவலர். அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வூல்ஃப் தன் எழுத்தில் இவரைக் குறிப்பிடுகிறார். முதலாம் உலக யுத்தத்தின்போது, ஜெர்மன் கப்பல் எம்டனுக்கு இறைச்சி கொடுத்தார் என்று இவர்மேல் பழி போட்டார்கள். பிறகு அது பொய்யென்று தெரிந்தது. தன் மண்ணை யாரிடம் இழந்தாரோ அவர்களுடைய வேட்டைக் காட்டையே காத்துக்கொண்டு கிடந்த மனிதர்! இவரைப் பற்றித் தமிழில் யாராவது ஒரு நாவல் எழுதலாம்.

வேட்டைக் காடு என்று சும்மா சொல்லவில்லை. 1900இல் ஒதுக்கப்பட்ட யாலவில் ஒரு பகுதியின் பெயரே 'இங்கு வசிக்கும் வேட்டைப் பிரியர்களுக்கான காப்பகம்' என்ற அர்த்தத்தில் இருந்தது. 1894இல் தொடங்கிய வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தில் இருந்தவர்களும் பெரும்பாலும் வேட்டைக்காரர்களும் தோட்டத் துரைமார்களும்தான். சுட மிருகம் மிஞ்ச வேண்டும் என்பதுதான் முதல் அக்கறை. 1938இல் யால தேசியப் பூங்கா ஆனது. இன்று அதன் பெரும் பகுதி நம்ம மொனராகலை மாவட்டத்தில் இருக்கிறது. ஒரு சிறுத்தைக்கு முப்பது ஜீப் நிற்கிறது என்று சிரிக்கிறோம். பழைய சங்கத்துக்காரர்கள் பார்த்தால், கையில் இருக்கும் கருவி மட்டும்தான் மாறியிருக்கிறது என்பார்கள்.

பூங்கா என்றால் அங்கே மனிதர் இருக்கக் கூடாது என்ற நினைப்பும் கூடவே வந்தது. தென்னாபிரிக்காவில் பிறகு குரூகர் பூங்காவாக மாறிய சாபி காப்பகத்தில் இருந்த மக்களை வெளியேற்றிய அதிகாரிக்கு, அந்த மக்கள் வைத்த பெயர் ஸ்குகுசா. துடைத்துப் பெருக்கித் தள்ளுகிறவன் என்று பொருள் சொல்வார்கள். இன்று அந்தப் பூங்காவின் பெரிய முகாமுக்கே அதுதான் பெயர். 1959இல் செரெங்கெட்டியிலிருந்து மசாய் மக்கள் போக வேண்டியிருந்தது. தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் அந்த ஆளில்லாப் புல்வெளி, ஆள் இல்லாமல் ஆக்கப்பட்ட புல்வெளி.

இங்கே? மகியங்கனைக்குப் பக்கத்தில் தம்பானை. 1983இல் மாதுரு ஓயா தேசியப் பூங்கா வந்தபோது வேடர்களின் வேட்டைக் காடு பூங்காவுக்குள் போய்விட்டது. பலர் வேறு குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். தலைவர் திசாஹாமி மட்டும் சில குடும்பங்களோடு போக மறுத்துத் தம்பானையிலேயே இருந்தார், 1998இல் இறந்தார். இதே வேடர்களை 1890களில் சரசின் என்ற சுவிஸ் ஆய்வாளர்களும், 1911இல் புத்தகம் போட்ட செலிக்மன் தம்பதியும் விதவிதமாகப் படமெடுத்திருந்தார்கள். காட்டில் இருக்கும்போது ஆய்வுப் பொருள், காடு போன பிறகு சுற்றுலாப் படம்.

சரி, எங்கள் கதைக்கு வருவோம். நாங்களும் நிலக்காட்சிக்குள் இருப்பவர்கள்தானே.

ஜூலியா மார்கரெட் கமரன் உலகம் கொண்டாடும் புகைப்படக்காரர். டார்வினையும் டென்னிசனையும் படமெடுத்தவர். கணவருக்குக் கோப்பித் தோட்டம் இருந்ததால் 1875இல் இலங்கைக்கு வந்தார், 1879இல் டிக்கோயாவில் இறந்தார், பொகவந்தலாவையில் அடக்கம். இங்கே அவர் எடுத்த படங்களில் 30க்கும் குறைவானவைதான் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் தோட்டத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். முகங்கள் எவ்வளவு கூர்மை! ஆனால் இங்கிலாந்துப் படங்களுக்குக் கீழே பெயர் இருக்கிறது, இங்கே அனேகமாக 'குடியானவர்கள்', 'பெண்' என்றுதான் இருக்கிறது. பிறகு 1890இல் டம்பேதன்னவை வாங்கிய லிப்டன், கொழுந்து பறிக்கிற பெண்ணின் உருவத்தைத் தேயிலைப் பெட்டியில் ஒட்டி உலகம் முழுக்க அனுப்பினார். அவளுக்கும் பெயர் இல்லை.

அந்தப் பெட்டிப் படத்தைத்தான் இன்றைக்கும் எல்லவிலும் லிப்டன் சீட்டிலும் ஆட்கள் தேடுகிறார்கள். 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்துக்கு மேலே டிரோன் பறக்கிறது. கீழே மலையில் நிற்கிற அம்மா, கூடையும் படங்குமாய், படத்துக்கு ஒரு நிறம். சிலர் படமெடுக்கக் காசு கேட்கிறார்களாம், அதனால் 'இயல்பு கெட்டுப்போச்சு' என்று பயணிகள் குறைப்படுகிறார்கள். ஒரு நாளைக்கு இத்தனை கிலோ பறித்தால்தான் முழுப் பேர் என்றிருக்கும்போது, நின்று சிரிக்கிற ஐந்து நிமிஷத்துக்குக் காசு கேட்பதில் என்ன பிழை என்று எங்களுக்கு விளங்கவில்லை.

பனி, சரிவு, வரிசையாய்த் தகரக் கூரை. படத்தில் அழகு. அதே சரிவு 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்களை மூடியது. ஆபத்தான இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே சொல்லியிருந்தது. அன்றைக்கு வந்த கேமராக்களும் நிறைய. மண்ணுக்குள் போன வீடுகளில் இருந்த படங்களை யாரும் எண்ணவில்லை.

அந்த வீட்டுப் படங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் லயங்களில் தாத்தா காலத்துத் தகரப் பெட்டியைத் திறந்தால், அனேகமாகக் கிடைப்பது கல்யாணப் படம் இல்லை. குடியுரிமை விண்ணப்பத்துக்கும் பாஸ்போட்டுக்கும் எடுத்த படம்தான். 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். டவுன் ஸ்டூடியோவில் இரவல் சட்டை போட்டு, பிள்ளைகளை மடியில் வைத்து, நேராகப் பார்த்துக்கொண்டு எடுத்தது. பின்னால் மலை இல்லை, பனி இல்லை, வெறும் துணி. அந்தப் படங்களில் எங்கள் ஆட்களுக்குப் பெயர் இருந்தது, இலக்கமும் இருந்தது. ஒரு பிரதி போனவர்களோடு மண்டபத்துக்குப் போனது, இன்னொன்று இங்கே பெட்டிக்குள். உங்கள் வீட்டிலும் இருந்தால், யார் யார் என்று பாட்டி இருக்கும்போதே கேட்டுப் பின்னால் பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை மறுபக்கம் ஊறிவிடும்.