ஹான்லேயின் இருள்

லடாக்கின் ஹான்லேயில், ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் நிற்கும் 2 மீட்டர் தொலைநோக்கி, பெங்களூருவை அடுத்த ஹொசகோட்டையிலிருந்து செயற்கைக்கோள் வழியே இயக்கப்படுகிறது. இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் அக்கருவி சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியது. 18ஆம் நூற்றாண்டில் சென்னையில் தொடங்கி, 1899இல் கொடைக்கானலையும் பின்னர் காவலூரையும் அடைந்த வானாய்வு மரபு இமயம் ஏறியதற்கு முதற்காரணம் மேகம். தெற்கே பருவமழைக் காலங்களில் வானம் மூடிக்கொள்கிறது. மழைமறைவுப் பகுதியான ஹான்லேயில் மழையும் பனியும் சேர்ந்தே ஆண்டுக்கு 10 செ.மீ.க்குக் குறைவு.

எனினும் அது ஆளற்ற பாலையன்று. 17ஆம் நூற்றாண்டில் மன்னர் செங்கே நம்கியாலின் ஆதரவில் எழுந்த பௌத்த மடாலயம் அங்குண்டு. பஷ்மினா ஆடுகளோடு இடம்பெயரும் சாங்பா மேய்ப்பர்களின் நிலம் அது. 2022இல் அப்பகுதி இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஊரார் சிலர் வானியல் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றனர். விளக்கொளியை வெளியே கசியாமல் மறைப்பது அனைவரின் கடமையாயிற்று. விளக்கே வளர்ச்சியின் அடையாளமாகக் கருதப்படும் நாட்டில் இஃது எளிய இணக்கமன்று. அவ்விருளை வறண்ட காற்றின் கொடையாக மட்டும் எழுதும் அறிவியல் வரலாறு, அதைக் காத்துநிற்கும் மக்களை விட்டுவிடுகிறது.