துரைராஜாவின் களிமண்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பேராசிரியர் அ. துரைராஜாவைப் பற்றிப் பேச்சு எழுந்தால் முதலில் சைக்கிள்தான் வரும். எரிபொருள் குடாநாட்டுக்குள் வரத் தடை இருந்த போர் நாட்களில் அவர் சைக்கிளில் வேலைக்குப் போனதையும் அவருடைய எளிமையையும் சொல்லிச் சொல்லி ஒரு தலைமுறை வளர்ந்திருக்கிறது. அந்த மதிப்பு அவருக்கு உரியதுதான். ஆனால் குணத்தை மட்டும் புகழ்ந்து, அவர் எதைக் கண்டுபிடித்தார் என்பதை நாம் கைவிட்டுவிட்டோம். மண் பொறியியல் படிக்கும் உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது களிமண்ணுக்காக.

பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் படித்த அவர், கேம்பிரிட்ஜில் கென்னத் ரோஸ்கோவின் ஆய்வுக்குழுவில் சேர்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். அங்கே நடந்த சோதனையைப் பாமரரும் புரிந்துகொள்ளலாம். களிமண்ணைச் சிறு உருளையாக்கி, மெல்லிய ரப்பர் உறை மாட்டி, தண்ணீர் நிரம்பிய கலத்துக்குள் நிறுத்துவார்கள். சுற்றிலும் நீரழுத்தம் இருக்க, மேலிருந்து மெல்ல மெல்ல அமுக்குவார்கள். உருளை எவ்வளவு குட்டையாகிறது, அதிலிருந்து எவ்வளவு நீர் வெளியேறுகிறது என்று குறித்துக்கொண்டே போவார்கள். அமுக்குவதில் செலவான ஆற்றலில் ஒரு பங்கு மண்ணின் பருமன் மாறுவதோடு சேர்ந்தது. இன்னொரு பங்கு துகள்களின் உராய்வில் கரைந்துபோகிறது. துரைராஜா இந்த வரவு செலவைப் பிரித்துக் கணக்கிட்டார். பருமன் எப்படி மாறினாலும், உராய்வில் கரையும் ஆற்றல் அழுத்தத்தையும் மண் சறுக்கி உருக்குலையும் அளவையும் மட்டுமே பொறுத்திருந்தது. ஒரே மாறிலி போதுமானதாக இருந்தது. சிக்கலான பொருளுக்குள் இவ்வளவு எளிய ஒழுங்கு இருப்பதைக் காண்பது அறிவியலில் அபூர்வம். இதை அடித்தளமாக வைத்து ரோஸ்கோ, ஸ்கோஃபீல்ட், துரைராஜா மூவரும் 1963இல் 'ஜியோடெக்னிக்' இதழில் எழுதிய கட்டுரையிலிருந்துதான் 'கேம் களிமண்' என்ற கோட்பாட்டு மாதிரி வளர்ந்தது.

ஐந்தே ஆண்டுகளில், 1968இல், ரோஸ்கோவும் பர்லண்டும் அந்த மாதிரியைத் திருத்திவிட்டார்களே என்று கேட்கலாம். எல்லாப் பக்கமும் சமமாக அமுக்கப்படும் மண்ணும் சறுக்கும் என்ற பொருந்தாத முடிவை முதல் மாதிரி தந்தது; ஆற்றல் கரைவதற்கான சமன்பாட்டை மாற்றி அதைச் சரிசெய்தார்கள். இன்று அணைக்கரை, சுரங்கப்பாதைக் கணிப்புகளில் கணினி மென்பொருள்கள் பரவலாக எடுத்துக்கொள்வது திருத்திய மாதிரியைத்தான். ஆனால் அவர்கள் மாற்றியது சமன்பாட்டின் உருவத்தை. ஆற்றல் எங்கே போகிறது என்று கேட்டு அதிலிருந்து மண்ணின் நடத்தையை வருவிக்கும் வழி அப்படியே நின்றது. ஒரு சமன்பாடு திருத்தப்பட வேண்டுமானால் முதலில் ஒருவர் அதை எழுதியிருக்க வேண்டும். மூன்றாவது பெயர்தானே, பேராசிரியரின் நிழலில் வேலை செய்த மாணவர்தானே என்ற வாதமும் நிற்காது. உராய்வில் கரையும் ஆற்றலைக் கணக்கிட்ட பெருமை துரைராஜாவுடையது என்று ஸ்கோஃபீல்டே பிற்கால எழுத்துகளில் பதிவு செய்திருக்கிறார்.

பிறகு அவர் நாடு திரும்பினார். பேராதனையில் பேராசிரியர், பீடாதிபதி. பின்னர் திறந்த பல்கலைக்கழகம். 1988 முதல் 1994 வரை யாழ்ப்பாணத்தில் துணைவேந்தர். இந்தத் திருப்பத்தால் ஆராய்ச்சிக்கு நேர்ந்த இழப்பைத் தியாகம் என்ற சொல்லால் மூடுவதில் எனக்கு உடன்பாடில்லை. இழப்பு இழப்புதான். கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்திருந்தால் இன்னும் எத்தனை கேள்விகளுக்கு விடை கண்டிருப்பாரோ! ஆயினும் அவர் ஏற்ற பொறுப்பின் கடுமையை எடைபோடாமல் அந்த இழப்பை மட்டும் அளப்பது நியாயமாகாது. 1989 செப்டம்பரில் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ரஜினி திராணகம சுட்டுக் கொல்லப்பட்டார். 1990இல் போர் மீண்டும் மூண்டது; குடாநாட்டில் மின்சாரம் நின்றது; ஆனையிறவுப் பாதை மூடியபின் மக்கள் கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடந்தார்கள். அந்த நிலையில் ஒரு பல்கலைக்கழகம் வகுப்பு நடத்தியதும் பட்டம் வழங்கியதும் தாமாக நடந்த காரியங்கள் அல்ல. அதே 1990இல்தான் கிளிநொச்சியில் விவசாய பீடமும் தொடங்கியது. 1994இல் அவர் மறைந்தபோது அறுபது வயது நிரம்பியிருக்கவில்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் பொறியியல் பீடம் கிடைத்தது அவர் மறைந்து இருபது ஆண்டுகள் கழித்து, 2014இல், கிளிநொச்சி அறிவியல் நகரில். அங்கே மண் பொறியியல் வகுப்பில் கேம் களிமண்ணின் வளைகோட்டைக் கரும்பலகையில் வரையும் ஆசிரியர், அந்த 1963ஆம் ஆண்டுக் கட்டுரையின் மூன்று பெயர்களையும் எழுதிவிட்டுப் பாடத்தைத் தொடங்க வேண்டும்.