கட்சி மாறிய காவல்காரர்கள்

வெள்ளை அணுக்கள் நம் உடம்பின் காவல்காரர்கள் என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். புற்றுநோய்க் கட்டிக்குள் போன காவல்காரர்கள் அங்கே என்ன செய்கிறார்கள்? இது பழைய கேள்வி நண்பர்களே.

1863-ல் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ கட்டிகளுக்குள் வெள்ளை அணுக்களைப் பார்த்தார். நாள்பட்ட அழற்சி இருக்கும் இடத்தில்தான் புற்றுநோய் பிறக்கிறது என்று கருதினார். பிறகு வந்த பலரோ அவற்றைக் கட்டியோடு போராடும் வீரர்களாகவே பார்த்தார்கள்.

அந்த நம்பிக்கையில் பிறந்ததுதான் புரோவெஞ்ச். முற்றிய புராஸ்டேட் புற்றுநோய்க்கு 2010-ல் அமெரிக்கா அனுமதித்த சிகிச்சை இது. நோயாளியின் ரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்பு அணுக்களை எடுத்து, கட்டியை அடையாளம் காணப் பழக்கி, மறுபடி அவருக்கே ஏற்றுவார்கள். 512 பேரிடம் நடந்த சோதனையில் ஆயுள் கூடியது சுமார் 4 மாதம்தான். மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் ஜெயித்த இபிலிமுமாப் மருந்தும், 2014-ல் வெளியான புராஸ்டேட் சோதனை முடிவில் ஆயுளைக் குறிப்பிடும்படி நீட்டவில்லை.

காரணம் கட்டிக்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலான புராஸ்டேட் கட்டிகளில் கொல்லும் டி செல்கள் குறைவு. அங்குள்ள மேக்ரோஃபேஜ்களில் பல, வேலியே பயிரை மேய்ந்த கதையாக, கட்டிக்குப் புது ரத்தக் குழாய்கள் வளர உதவுகின்றன. வருகிற டி செல்களையும் அடக்கிவிடுகின்றன.

ஆக, புதுக் காவலர்களை அனுப்பினால் மட்டும் போதாது. கட்சி மாறியவர்களைத் திருப்பி இழுக்கவும் வேண்டும். அந்த 4 மாதம் ஆண்டுகளாக நீள்வது அதைப் பொறுத்தும் இருக்கிறது.