10 மாதக் கெடு (தொடர் – அத்தியாயம் 7)

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த உறையை லூ சல்லிவன் பிரிக்கும் இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம்.

உள்ளே இருந்தது மறுப்பு. நீங்கள் தெரிவித்திருக்கும் வாழ்க்கை வரலாறு, எங்களிடம் சிகிச்சை பெற்று நல்லபடியாக வாழ்கிற பெரும்பாலோரின் வரலாற்றோடு ஒத்துப்போகவில்லை. அதனால் உங்களைச் சேர்த்துக்கொள்வதற்கில்லை. 1980ல் வந்த அந்தக் கடிதத்தின் சாரம் இவ்வளவுதான். வசை இல்லை, ஏளனம் இல்லை. அலுவலகக் கடிதங்களுக்கே உரிய பதவிசோடு கதவைச் சாத்தியிருந்தார்கள்.

எதில் ஒத்துப்போகவில்லை? லூவுக்குச் சொல்லாமலே புரிந்தது.

அன்றைய பாலின மருத்துவமனைகள் ஒரு திருநம்பியை இப்படித்தான் கற்பனை செய்துவைத்திருந்தன: பெண்ணுடலோடு பிறந்தவர், சின்ன வயதிலிருந்தே தன்னை ஆணாக உணர்ந்தவர், பெண்களை விரும்புகிறவர். சிகிச்சை முடிந்ததும் அவர் ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்த வேண்டும், அக்கம்பக்கத்தில் யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது. லூ மூன்றாவதில் இடறினார். அவர் விரும்பியது ஆண்களை. ஆண்தான் வேண்டுமென்றால் பெண்ணாகவே இருந்துவிடலாமே, எதற்கு இத்தனை வலியும் செலவும் என்பது டாக்டர்களின் தர்க்கம். யாரைப் பிடிக்கிறது என்பதும் நான் யார் என்பதும் வேறு வேறு என்று யோசிக்காதவரை, அது நியாயமாகத்தான் தோன்றும்.

பொய் சொல்லியிருக்கலாம். சொன்னவர்கள் உண்டு. எந்தக் கேள்விக்கு எந்தப் பதிலைச் சொன்னால் டாக்டரின் கையெழுத்து விழும் என்பது, சிகிச்சைக்குக் காத்திருந்தவர்கள் மத்தியில் வாய்வழியாகப் பரவியிருந்தது. லூவும் அதை யோசித்தார். ஸ்டான்ஃபோர்டுக்கு எழுதிய பதிலில் அதை ஒளிக்கவும் இல்லை. உண்மையைச் சொன்னால் தள்ளிவிடுவீர்கள் என்று தெரியும், பொய் சொல்லலாமா என்றும் நினைத்தேன், ஆனால் பின்னால் வரப்போகும் என் போன்றவர்களுக்கு வழி திறக்கட்டும் என்றுதான் உள்ளதைச் சொன்னேன் என்று எழுதினார். உலகத்தில் மனிதர்களின் ஈர்ப்பு பலவிதமாக இருக்கும்போது, உங்களிடம் வருகிறவர்கள் மட்டும் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்க வேண்டுமா என்றும் கேட்டார்.

தன் விண்ணப்பம் குப்பைக்குப் போன அன்றும், முகம் தெரியாத அடுத்த விண்ணப்பதாரருக்காக வழக்காடிய மனிதர் இவர். பின்னால் அவர் செய்த எல்லாவற்றையும் இந்த ஒரு கடிதத்திலேயே பார்த்துவிடலாம் என்பது என் எண்ணம்.

இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? ஐந்து வருடம் பின்னால் போவோம். 1975, மில்வாக்கி. கத்தோலிக்கக் குடும்பம். 24 வயதில் சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயரப் புறப்பட்ட பிள்ளைக்கு வீட்டார் இரண்டு பொருள்களைக் கொடுத்து அனுப்பினார்கள். ஒன்று, ஆண்கள் அணியும் நல்ல கோட்டு சூட்டு. இன்னொன்று, தாத்தாவின் பாக்கெட் கடிகாரம். சட்டைப்பையில் சங்கிலியோடு கிடக்கும் அந்தக் காலத்துக் கடிகாரம், பேரனுக்குப் போக வேண்டிய சொத்து. டாக்டர்கள் ஒப்புக்கொள்வதற்குப் பல வருடம் முன்பே வீட்டில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

சான் பிரான்சிஸ்கோவில் விளையாட்டுச் சாமான் தயாரிக்கும் வில்சன் நிறுவனத்தில் செயலாளர் வேலை கிடைத்தது. மில்வாக்கியிலும் பல்கலைக்கழகத்தின் ஸ்லாவிய மொழித் துறையில் அதே வேலைதான். தட்டச்சு, கோப்பு, கடிதப் போக்குவரத்து. சாதாரண உத்தியோகம்தான், ஆனால் இந்த மூன்றையும் வைத்துத்தான் அவர் பின்னாளில் ஒரு மருத்துவத் துறையையே அசைத்துப் பார்த்தார்.

ஸ்டான்ஃபோர்டு கைவிட்டதால் சிகிச்சை நின்றுபோகவில்லை. விருப்பம் யார்மீது என்று குடையாத தனியார் டாக்டர்களைத் தேடிப் பிடித்து 1979லேயே ஹார்மோன் தொடங்கியிருந்தார். 1980ல் மார்பு அறுவை சிகிச்சையும் முடிந்தது. பழகிய இடத்தை விட்டுவிட்டு, தம்மை ஆணாக மட்டுமே அறியப்போகிற புதிய சகாக்கள் நடுவே, ஓர் எண்ணெய் நிறுவனத்தில் தொழில்நுட்ப வேலைக்குப் போனார். அதே ஆண்டு ஒரு கையேடும் எழுதினார். உடுப்பது, வெளியில் நடமாடுவது, ஹார்மோன், அறுவை சிகிச்சை என்று, ஆணாக மாற நினைப்பவருக்கு வேண்டியதையெல்லாம் அவர்களில் ஒருவரே எழுதிய வழிகாட்டி. அதுவரை இதெல்லாம் டாக்டருக்காக டாக்டர் எழுதுகிற சங்கதி. கையேடு 1985லும் 1990லும் திருத்தி மறுபதிப்பானது.

இங்கே கதைக்குள் இன்னொரு கதை நுழைகிறது.

1897. கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரம். ஆண் உடையில் திரிந்த ஒருவரைப் போலீஸ் பிடிக்கிறது. வாய் பேச வராது என்று காகிதத்தில் எழுதிக் காட்டுகிறார் அந்த ஆள். படகு வீட்டில் குடியிருப்பு. பெண் என்று தெரிந்ததும் ஊரே திரண்டு வேடிக்கை பார்க்கிறது, பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். கடைசியில் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று அவரையே நிருபராக்கிவிடுகிறது! சான் பிரான்சிஸ்கோவில் மெக்சிகோ தூதராக இருந்தவரின் பிள்ளை அவர். பேப் பீன் என்ற பெயரில் எழுதினார். 1899ல் போர் நடந்த பிலிப்பைன்ஸுக்குக் கப்பலேறினார். திரும்பி வந்து ஜாக் பீ கார்லண்ட் என்ற ஆணாகவே கடைசிவரை வாழ்ந்தார். 1936ல் இறந்தபோதுதான் உடல் மறுபடி செய்தியானது.

கார்லண்டை லூதான் முதலில் கண்டெடுத்தார் என்பதில்லை. சான் பிரான்சிஸ்கோவின் வரலாற்று ஆர்வலர்கள், ஆணாக வேடமிட்டு வாழ்ந்த பெண்கள் என்ற வரிசையில் 1979லேயே அவரைப் படக்காட்சியில் காட்டியிருந்தார்கள். சம்பளத்துக்காக, சுதந்திரத்துக்காகப் போட்ட வேடம் என்பது அவர்கள் வாசிப்பு. லூவுக்கு அது தொண்டையில் சிக்கியது. சம்பளத்துக்கான வேடம் என்றால் மாலையில் கழற்றிவிடலாமே. சாகும்வரை யாருக்காகப் போட்டிருந்தார்? தவிர, கார்லண்ட் நாடியது ஆண்களின் கூட்டத்தை, குறிப்பாக வீடற்றுத் தெருவில் நின்ற இளைஞர்களை. மருத்துவம் கிடையவே கிடையாது என்று சாதித்த வகை மனிதர் ஒருவர், மருத்துவம் அதற்குப் பெயர் வைக்கும் முன்பே அதே ஊர்த் தெருக்களில் நடந்திருக்கிறார். ஆதாரத்தைத் திரட்டி நூலாக எழுதிவிடுவது என்று லூ இறங்கினார். 1985ல் அந்த நகரில் உருவான தன்பாலீர்ப்பாளர் வரலாற்றுச் சங்கத்தின் நிறுவன உறுப்பினர்களில் அவரும் ஒருவர். பழைய செய்தித்தாள்களைத் துருவுவது பொழுதுபோக்கு என்ற எல்லையை எப்போதோ தாண்டியிருந்தது.

நூல் பாதியில் இருக்கும்போது 1986 பிறந்தது.

பல வருடம் காத்திருந்த கடைசி அறுவை சிகிச்சை அந்த ஆண்டு நடந்தது. உடல் முழுதாகத் தனக்கென்று ஆன வருடம். அதே வருடக் கடைசியில் மூச்சு வாங்கியது. நிமோனியா. சாதாரண நிமோனியா அல்ல. அந்த ஊரில் வாராவாரம் இளைஞர்களைக் கொண்டுபோய்க்கொண்டிருந்த நிமோனியா. எய்ட்ஸ். முதல் மருந்தான ஏஇசட்டிக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுக்கவே இன்னும் சில மாதங்கள் இருந்தன. டாக்டர்கள் கெடு வைத்தார்கள்: 10 மாதம்.

வேறு யாராயிருந்தாலும் இடிந்துபோயிருப்பார்கள். லூவும் அழாமல் இருந்திருக்க மாட்டார். ஆனால் அவருடைய குசும்பு அந்த நேரத்திலும் போகவில்லை. ஆண்களை விரும்பும் ஆணாக வாழ முடியாது என்று சொல்லித் தம்மைத் திருப்பி அனுப்பிய பாலின மருத்துவமனைக்கே தகவல் அனுப்பினார்: வாழத்தான் முடியாது என்றீர்கள், சாவாவது அப்படிப்பட்ட ஆணாக வரும்போலிருக்கிறது. இதைத் தெரிவிப்பதில் தமக்கு ஒரு சந்தோஷம் இருந்தது என்றும் எழுதிவைத்தார். படித்துவிட்டுச் சிரிப்பதா, தலையைக் குனிவதா என்று இன்றுவரை பலருக்குத் தெரியவில்லை.

10 மாதத்தில் என்ன செய்ய முடியும்? திருநம்பிகள் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்திராத காலம் அது. தன்னைப் போல் உலகத்தில் வேறு ஆளே இல்லை என்று நம்பியவர்கள் ஊருக்கு ஒருவராக ஒளிந்திருந்தார்கள். 1986ன் கடைசியில் லூ அவர்களைச் சான் பிரான்சிஸ்கோவில் ஒன்றுகூட வைத்தார். அடுத்த செப்டம்பரில் ‘எஃப்டிஎம்’ என்ற காலாண்டு மடல் தபாலில் கிளம்பியது. பெண்ணிலிருந்து ஆணுக்கு என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். சில பக்கம்தான். ஆனால் அவருக்குப் பின் ஜேமிசன் கிரீன் கையில் இதே குழு எஃப்டிஎம் இன்டர்நேஷனல் என்ற அமைப்பாக நாடு தாண்டி வளர்ந்தது.

மருத்துவப் புத்தகமும் பிறகு மாறத்தான் போகிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 1994ல் நான்காம் பதிப்பு கண்டபோது, யாரிடம் ஈர்ப்பு என்பது ஆண், பெண், இருவரும், யாருமில்லை என்று தனிக் குறிப்பாக ஒதுங்கியது. எந்தப் பதிலும் ஒருவரைத் தகுதியிழக்கச் செய்யாது. லூ ஒருவரே மலையைப் புரட்டினார் என்று எழுதினால் தொடருக்கு ருசி கூடும்; அது உண்மையல்ல. ஆனால் டாக்டர்களுக்கு ஓயாமல் கடிதம் எழுதி, இதோ நான் இருக்கிறேன் என்று நிரூபித்தவர்களில் அவர் முதல் வரிசை.

அந்த மாற்றத்தைப் பார்க்க அவருக்கு ஆயுள் இருந்ததா? அவசரப்பட வேண்டாம். இப்போது நாம் இருப்பது 1988ல்.

கெடு எப்போதோ தாண்டிவிட்டது. லூ உயிரோடு இருக்கிறார். மேசையில் கார்லண்டின் கதை இன்னும் முடியவில்லை. பத்து வயதில் தொடங்கிய டைரி இன்னும் ஓடுகிறது. அதைத் தொகுத்து நூலாகக் கொண்டுவர, எல்லிஸ் மார்ட்டின், ஸாக் ஓஸ்மா என்ற இரண்டு பேர் 2019 வரை வரப்போவதில்லை.

அந்த நிலையில் வீடியோ கேமரா முன்னால் உட்கார ஒப்புக்கொள்கிறார். எதிரே இருப்பவர் டாக்டர் ஐரா பாலி. பாலினச் சிகிச்சைக்கு விதிமுறை வகுத்த ஹாரி பெஞ்சமின் சங்கத்தின் தலைவராக இருந்த மனநல மருத்துவர். திருநம்பிகளைப் பற்றி 1974ல் இரண்டு பாகமாக நீண்ட ஆய்வுக் கட்டுரை எழுதியவர். அதில் வருகிற திருநம்பிகள் பெண்களை விரும்புகிறவர்கள்.

கேமரா ஓடத் தொடங்குகிறது. ஸ்டான்ஃபோர்டு கடிதத்தில் மறுத்ததை பாலி நேருக்கு நேர் மறுப்பாரா? அல்லது, டாக்டர்கள் மற்ற டாக்டர்களுக்குப் போட்டுக்காட்டும் பாடமாக இந்தப் பதிவு மாறப்போகிறதா?

(அடுத்த வாரம் தொடரும்)