தனுஷ்கோடித் துறையும் கரைவாழ் மக்களும்

வங்காள விரிகுடாவும் மன்னார் வளைகுடாவும் நெருங்கி வரும் மணல் முனையில், இராமேசுவரம் தீவின் கடைக்கோடியில் உள்ளது தனுஷ்கோடி. அங்கே செல்வோர் இடிந்த தேவாலயத்தைக் கண்டு, புயலைப் பற்றி இரண்டு சொல் பேசித் திரும்புகின்றனர். ஆனால் அவ்வூருக்குப் புயலுக்கு முன்னும் பின்னும் வரலாறு உண்டு. ஒரு துறைமுகம் அழிந்துபட்டால் அதன் கரை யாருக்குரியது என்னும் வினா அவ்வரலாற்றினுள் அடங்கியிருக்கிறது. கடலோர ஊர்களில் வாழும் நாம் அதனை எண்ணிப் பார்ப்பது நலம்.

1914 பிப்ரவரி 24-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கிற்று. ‘போட் மெயில்’ என்று மக்கள் அழைத்த வண்டி சென்னையிலிருந்து பயணிகளைத் துறைமுகத்தில் கொண்டுவந்து சேர்க்கும். கப்பலேறிக் கடல் கடந்தால் அக்கரையில் கொழும்பு வண்டி காத்து நிற்கும். சுங்கச்சாவடி, அஞ்சலகம், மருத்துவமனை, பள்ளிக்கூடம், இரயில் நிலையம் என அந்த மணல்திட்டு ஒரு நகராயிற்று. தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற கூலித் தொழிலாளரும், இலங்கையில் வணிகம் செய்த நம் முன்னோரும் இவ்வழியே போய் வந்தனர். யாத்திரிகர்களைப் படகில் ஏற்றிச் சென்று பிழைத்தோரும் உண்டு. மறைந்த குடியரசுத் தலைவர் அப்துல் கலாமின் தந்தையார் ஜைனுலாப்தீன் மரைக்காயர் நடத்திய படகும் அத்தகையதே.

1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு கடல் பொங்கி ஊரை விழுங்கியது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் வண்டியும் அலைக்கு இரையாயிற்று. அதிலிருந்தோர் கரை சேரவில்லை. பாம்பன் பாலமும் சிதைந்தது. ஆனால் பொறியாளர் ஸ்ரீதரன் பொறுப்பேற்று நடத்திய பணியினால் 46 நாட்களில் பாலம் சீர் செய்யப்பட்டது. ஊருக்கோ அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. குடியிருக்கத் தகுதியற்ற இடமென அரசு அறிவித்தது. தலைமன்னார்க் கப்பல் இராமேசுவரத்திலிருந்து ஓடி, 1980-களில் அதுவும் நின்றுபோயிற்று.

அரசின் முடிவில் நியாயம் இல்லாமலில்லை. இரு கடல்களுக்கிடையே ஒடுங்கிக் கிடக்கும் மணலில் மீண்டும் ஒரு நகரை எழுப்புவது உயிர்களோடு விளையாடுவதாகும். எனினும் மீனவர் திரும்பி வந்தனர். ஓலைக் குடிசை கட்டினர், மணலில் ஊற்றுத் தோண்டி நன்னீர் எடுத்தனர், கரைவலை இழுத்தனர். ஏட்டில் அது மனிதரில்லாத நிலம். மணலிலோ அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

இவ்விடத்தில் ஃபிக்ஹு நூல்களில் நாம் ஓதிய ஒரு பாடம் நினைவுக்கு வருகிறது. எவருக்கும் உரிமையின்றிப் பயனற்றுக் கிடக்கும் தரிசுக்கு ‘மவாத்’, அதாவது இறந்த நிலம், என்று பெயர். அதனைப் பண்படுத்தி உயிர்ப்பிப்பவருக்கு அது உரியதாகும். ஆனால் ஓர் ஊரை ஒட்டி, அவ்வூரார் பயன்கொள்ளும் வெளி ‘ஹரீம்’ எனப்படும்; அதனை எவரும் தரிசென்று கைக்கொள்ள இயலாது. மக்கள் கூடும் இடம், குதிரை ஓட்டும் வெளி, ஒட்டகம் மண்டியிடும் இடம், சாம்பல் கொட்டும் மேடு ஆகியவற்றை இமாம் நவவி அவர்கள் ‘மின்ஹாஜ்’ நூலில் இவ்வகையில் எண்ணுகிறார்கள். பாலைவன ஊருக்கு ஒட்டகம் மண்டியிடும் இடம் எப்படியோ, நம் கரைக்குப் படகேற்றும் மணலும் வலை உலர்த்தும் திடலும் அப்படியே. சுவரும் கூரையும் இல்லாததால் அவை வெற்றிடம் ஆகிவிடா.

நம் நாட்டுச் சட்டமும் நெடுந்தூரம் நடந்து இக்கருத்தை அடைந்தது. 1991-இல் வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, ஓதம் ஏறும் எல்லையிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு விதித்தது. ஊர்ப்புறங்களில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டடத்தைத் தடுத்தது. 2011-ஆம் ஆண்டின் அறிவிக்கை, மீனவர் குடியிருப்பு, அவர்களின் பொதுவிடங்கள், மீன் உலர்த்தும் களங்கள் முதலியவற்றை வரைபடத்தில் குறிக்க வேண்டுமென்றது. 2019-இல் விதிகள் மீண்டும் மாறின. 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊர்ப்புறங்களில் தடை எல்லை 50 மீட்டராகச் சுருங்கியது; கடற்கரையில் சுற்றுலாவுக்கான தற்காலிகக் குடில்களுக்கும் வழி திறந்தது.

தனுஷ்கோடிக்கும் புதுக்காலம் வந்தது. முகுந்தராயர் சத்திரம் முதல் அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் நெடுஞ்சாலை 2017 ஜூலையில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 2025-இல் 524.7 ஹெக்டேர் பரப்பு பூநாரைகளின் சரணாலயமாயிற்று. சாலையும் வேண்டும்; பறவைகளும் வாழவேண்டும். ஆனால் பயணிக்கும் பறவைக்கும் எல்லை வகுத்த வரைபடத்தில், ஆண்டு முழுதும் கரைவலை இழுப்பவனின் மணலுக்கும் இடம் இருத்தல் வேண்டும்.

இது தனுஷ்கோடியோடு முடியும் செய்தியன்று. கீழக்கரையின் சங்குக் குளியாளருக்கும், வேதாளை மீனவருக்கும் நாளை இதே வினா எழலாம். கரையோர மேலாண்மைத் திட்டத்தின் வரைவு பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டுக் கருத்தும் கேட்கப்படும். அந்நாளில் நம் ஜமாஅத்தார் அவ்வரைபடத்தை வாங்கிப் பார்க்கட்டும். நம் படகுத்துறையும், கிணறும், மையவாடியும் அதில் உள்ளனவா என்று விரல் வைத்துத் தேடட்டும். இல்லையேல் எழுத்தில் தெரிவிக்கட்டும். தாளில் இடம்பெறாத உரிமையைப் பின்னர் மணலில் நின்று நிலைநாட்டுவது எளிதன்று.