ஆலங்காட்டிலிருந்து எழும்பூருக்கு

சென்னையின் பழைய தலைமுறையினருக்கு எழும்பூர் அருங்காட்சியகம் ‘செத்த காலேஜ்’. மிருகக்காட்சி சாலை ‘உயிர் காலேஜ்’. மருத்துவர் எட்வர்ட் பால்ஃபரின் பொறுப்பில் 1851இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடியில் தொடங்கி, 1854இல் எழும்பூர் பாந்தியன் வளாகத்துக்கு இடம்பெயர்ந்த நிறுவனம் இது. பெயரிலுள்ள ‘காலேஜ்’ அந்த மாடியின் எச்சமாக இருக்கலாம். பாடம் செய்த விலங்குகளையும் எலும்புக்கூடுகளையும் பார்த்த மக்கள் ‘செத்த’ என்று அடைமொழி கொடுத்ததில் பிழையில்லை. செப்புப் படிமக் கூடத்துக்கும் அது பொருந்துமா என்பதே என் ஐயம்.

அக்கூடத்துத் திருமேனிகளில் பல மண்ணுக்குள்ளிருந்து வந்தவை. ஆபத்துக் காலங்களில் கோயிலார் புதைத்து வைத்தவை, பின்னாளில் யாரோ குழி தோண்டும்போது வெளிப்பட்டு, 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி அரசின் கைக்குப் போயின. தெய்வத்தைப் ‘புதையல்’ என்று வகைப்படுத்திய அந்தச் சட்டச் சொல் தனி ஆய்வுக்குரியது.

அங்குள்ளவற்றில் புகழ்பெற்றது திருவாலங்காட்டு நடராசர். திருவாசி இல்லை, விரிசடையும் இல்லை. அதனாலேயே உடலின் சமநிலை முழுதாகக் கண்ணில் படுகிறது. பிரெஞ்சுச் சிற்பி ரொதான் இந்தியாவுக்கு வந்ததில்லை. சென்னை நடராசர் படிமங்களின் ஒளிப்படங்களைப் பார்த்தே 1913இல் அவர் வியந்து எழுதினார். அவர் மறைந்து நான்காண்டுகள் கழித்து, 1921இல், அக்கட்டுரை அச்சேறியது. அதற்கு முன்பே ஆனந்த குமாரசாமி சிவ நடனத்தின் தத்துவத்தை ஆங்கில வாசகர்களிடம் கொண்டு சேர்த்திருந்தார். இன்று நாம் நடராசரைக் ‘கலை’ என்று காண்பதில் இவ்விருவரின் கண்களுக்கும் பங்குண்டு.

நான் இருப்பது பாடியில், சம்பந்தர் பாடிய திருவலிதாயத்துக்கு அருகே. கொரட்டூரில் மின்சார ரயில் ஏறினால் மேற்கே திருவாலங்காடு. கிழக்கே சென்ட்ரலில் இறங்கினால் அருங்காட்சியகம் அருகில்தான். என் அம்மா மேற்கே பலமுறை போனவர். அவரை அண்மையில் ஒருநாள் கிழக்கே அழைத்துப் போனேன். பெயர்ப்பலகையை வாசித்துக் காட்டியதும், “ஆலங்காட்டுல கால் தலைக்கு மேல போயிருக்குமே. இது தில்லை ஆட்டமாச்சே” என்றார்.

மறுக்க முடியாத கேள்வி. ஐந்து சபைகளுள் இரத்தின சபையான ஆலங்காட்டில் காளியை வென்ற ஊர்த்துவ தாண்டவமே தலவரலாறு. எழும்பூரில் இருப்பதோ ஆனந்த தாண்டவக் கோலம். அந்த ஊரிலிருந்து வந்த படிமம் அந்த ஊரின் ஆட்டத்தை ஆடவில்லை என்பதை நூல்வழிப் பழகிய என் கண் ஒருபோதும் பொருட்படுத்தியதில்லை.

பிறகு அவர் மற்றப் படிமங்களின் பீடங்களைக் குனிந்து பார்த்தார். பக்கங்களில் உள்ள துளைகளும் வளையங்களும் உலாவின்போது தண்டு செருகிக் கட்டுவதற்கானவை என்று எனக்கு விளக்கினார். கோயிலில் பட்டுக்கும் மாலைக்கும் இடையே முகமும் தூக்கிய திருவடியும் மட்டுமே தெரியும். இடுப்பின் வளைவை அவர் பார்த்தது அன்றுதான். ரொதான் கண்டது அம்மா காணாத பாதியை. அம்மா அறிந்தது ரொதான் அறியாத பாதியை. பெயர்ப்பலகையில் ஊரும் நூற்றாண்டும் இருந்தன, உலா இல்லை. இதை நம் அருங்காட்சியகங்களின் பெருங்குறை என்றே சொல்வேன்.

கிளம்பும் முன் அம்மா நடராசரின் காலடியைச் சுற்றித் தேடினார். தலையால் நடந்து ஆலங்காடு சேர்ந்து, ஆடும் திருவடியின்கீழ் அமர்ந்த காரைக்கால் அம்மையாரைத்தான். அங்கே காணவில்லை. கையில் தாளத்தோடு எலும்பும் தோலுமாக அமர்ந்திருக்கும் அம்மையாரின் சோழர்காலப் படிமம் ஒன்று அமெரிக்காவில், கான்சாஸ் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.