பெயர் மாறிப்போன எலி

என் கல்லூரி நண்பன் ஒருவன் டெக்சாஸில் இருக்கிறான். பால் பைத்தான் எனப்படும் சின்ன மலைப்பாம்பு ஒன்றை வளர்க்கிறான். அது இரண்டு மாதமாகச் சுண்டெலியைத் தொடவில்லை. யாரோ சொன்னார்கள் என்று ஆப்பிரிக்க மென்மயிர் எலியைக் கொடுத்துப் பார்த்தான். உடனே விழுங்கிவிட்டது. சரி, நாமே நாலு எலி வாங்கிக் குட்டி போட வைப்போம் என்று முடிவு செய்தவன், ஒரு நாள் எனக்கு ஃபோன் போட்டான்.

"டேய், இதோட பேரைப் போட்டுத் தேடினா லாஸா காய்ச்சல்னு வருதுடா. வீட்ல மூணு வயசுக் குழந்தை இருக்கு. வெச்சுக்கலாமா வேணாமா?"

நான் டாக்டர் இல்லை. பழைய ஆய்வுக் கட்டுரைகளைத் தோண்டுவது என் பழக்கம் என்பது அவனுக்குத் தெரியும், அவ்வளவுதான். ஒரு வாரம் டைம் கேட்டேன். தோண்டத் தோண்ட, அந்த எலியின் பெயரிலேயே ஒரு நூற்றாண்டுக் குழப்பம் இருந்தது.

கூண்டின் லேபிளில் இருக்கும் பெயர் மாஸ்டோமிஸ் நட்டாலென்சிஸ். மாஸ்டோமிஸ் என்றால் கிரேக்கத்தில் முலை எலி. சாதாரண எலிக்குப் பன்னிரண்டு காம்புகள் என்றால் இதற்கு இருபத்து நான்கு வரை உண்டு. நட்டாலென்சிஸ் என்பது ஊர்ப் பெயர். ஆண்ட்ரூ ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து ராணுவ மருத்துவர், போர்ட் நட்டால் பகுதியில் கிடைத்த எலிக்கு 1834-ல் இந்தப் பெயரை வைத்தார். போர்ட் நட்டால் இன்றைய டர்பன். 1860-ல் மதராஸிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாக நம்மவர்கள் போய் இறங்கிய அதே துறைமுகம். தென்னாப்பிரிக்காவின் உள்நாட்டுப் பகுதி எலி ஒன்றுக்கு அதே ஸ்மித் அதே காலத்தில் கூச்சா என்று பெயர் வைத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் பார்வைக்கு ஒன்றுபோல்தான் இருக்கும். பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் நட்டாலென்சிஸ் என்ற ஒரே பெட்டியில் போட்டுவிட்டார்கள்.

இந்த எலியை ஆய்வகத்துக்குள் கொண்டுவந்தது பிளேக். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில், போயர் போர்க் காலத்தில், கப்பல்கள் வழியாகத் தென்னாப்பிரிக்கத் துறைமுகங்களுக்கு வந்த பிளேக், மெல்ல உள்நாட்டுப் புல்வெளிகளில் வாழும் ஜெர்பில் கொறிணிகளிடம் போய்த் தங்கிவிட்டது. ஜெர்பில் வீட்டுக்குள் வராது. மாஸ்டோமிஸ் வயலிலும் இருக்கும், குடிசைக்குள்ளும் இருக்கும். காட்டு நோயை வீட்டுக்குக் கொண்டுவரும் பாலம் இதுதான் என்று சந்தேகப்பட்டார்கள். 1930களின் முடிவில் ஜோஹன்னஸ்பர்க்கில் பிளேக் ஆய்வுக்காக இதைக் கூண்டில் வளர்க்க ஆரம்பித்தார்கள். கூண்டில் நன்றாகவே பெருகியது. அங்கிருந்து மற்ற நாட்டு ஆய்வகங்களுக்கும் போனது.

1957-ல் ஊட்லே என்ற ஆய்வாளர், இந்த எலிகளுக்கு வயிற்றில் தானாகவே புற்றுநோய் வருவதைப் பற்றி எழுதினார். உடனே புற்றுநோய் ஆய்வகங்களும் கேட்டு வாங்கின. நம் நாட்டுக்கும் ஒரு கிளை வந்தது: லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் யானைக்கால் புழுவுக்கு மருந்து தேட இந்த எலியைத்தான் பயன்படுத்தினார்கள். அந்த வம்சத்தின் பெயரில் கீசன் என்ற ஜெர்மன் ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1970களில் சிலர் குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தார்கள். சில எலிகளுக்கு 32, சிலவற்றுக்கு 36. ஒரே இனம் என்று நினைத்தது இரண்டு இனம். 32 உள்ளது நட்டாலென்சிஸ், 36 உள்ளது கூச்சா. ஆய்வகங்களில் பல தலைமுறையாக நட்டாலென்சிஸ் என்ற பெயரில் வளர்ந்த பல வம்சங்கள் உண்மையில் கூச்சா!

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. 1983-ல் வெளிவந்த சோதனையில் இரண்டு இனத்துக்கும் பிளேக் கிருமியைக் கொடுத்துப் பார்த்தார்கள். நட்டாலென்சிஸ் தாக்குப்பிடித்தது, கூச்சா எளிதில் செத்தது. பிளேக் வந்த இடங்களின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால், கூச்சா வாழும் இடங்களோடு அது பொருந்திப் போனது.

லாஸா விஷயத்தில் கதை தலைகீழ். 1969-ல் நைஜீரியாவின் லாஸா ஊரில் அந்தக் காய்ச்சல் முதலில் அடையாளம் காணப்பட்டது. 1972-ல் சியரா லியோனில் பிடித்த மாஸ்டோமிஸ் எலிகளில் வைரஸ் கிடைத்தது. வைரஸைச் சுமப்பது முக்கியமாக நட்டாலென்சிஸ். எலிக்கு நோய் தெரியாது, மூத்திரத்தில் வைரஸ் வெளியே வந்துகொண்டே இருக்கும். அதுவும் மேற்கு ஆப்பிரிக்காவில்தான். அதே நட்டாலென்சிஸ் மொசாம்பிக்கில் மொபேயா என்ற வேறொரு வைரஸைச் சுமக்கிறது. அது மனிதர்களுக்கு நோய் தருவதாகத் தெரியவரவில்லை.

ஆக, நண்பன் தேடியபோது வந்த பயம், மேற்கு ஆப்பிரிக்கக் கிராமத்து வீடுகளில் ஓடும் காட்டு எலியைப் பற்றியது. கூண்டில் இருப்பதற்கும் அதே பெயர் ஒட்டியிருப்பதால் தேடுபொறி இரண்டையும் சேர்த்துவிட்டது. தப்பான பெயரில் எழுதிய ஒரு வேரியபிளைப் பத்து வருஷம் கழித்து மாற்றப் போனவர்களுக்கு இந்த வலி புரியும். ஆய்வக எலி கூச்சா என்று திருத்திய பிறகும், அதில் கண்டெடுத்த பாப்பிலோமா வைரஸின் பெயர் இன்றுவரை மாஸ்டோமிஸ் நட்டாலென்சிஸ் பாப்பிலோமா வைரஸ்தான்.

இன்னொரு தடுப்பும் உண்டு. 2003 ஏப்ரலில் கானாவிலிருந்து சுமார் 800 சிறு விலங்குகள் டெக்சாஸுக்கே வந்து இறங்கின. அவற்றோடு குரங்கம்மையும் வந்தது. வளர்ப்புப் புல்வெளி நாய்கள் வழியாக ஆறு மாநிலங்களில் 47 பேருக்குப் பரவியது. அந்த ஜூனில் ஆப்பிரிக்கக் கொறிணிகளை அமெரிக்காவுக்குள் கொண்டுவரத் தடை வந்தது. முறையாக வாங்கினால் கிடைப்பது கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பிறந்த எலி. லாஸா வைரஸ் அதற்குள் வர ஒரு வழி வேண்டுமே?

இதையெல்லாம் சொன்னதும் நண்பன் நிம்மதியாகிவிட்டான். "அப்ப வளர்க்கலாம்ங்கற?" நான் இரண்டு விஷயம் சொன்னேன்.

ஒன்று கணக்கு. சினைக்காலம் 23 நாள். ஓர் ஈற்றில் பத்துப் பன்னிரண்டு குட்டி சாதாரணம். இரண்டு பெண் எலி வைத்தாலே ஓர் ஈற்றுச் சுற்றில் இருபதுக்கு மேல் வரும். பாம்பு சாப்பிடுவது வாரத்துக்கு ஒன்று. மீதியை என்ன செய்வாய்? குட்டிகள் மூன்று மாதத்துக்குள் தாமே சினைபிடிக்கும் என்பதால், பால் மறந்ததும் ஆணையும் பெண்ணையும் பிரித்தாக வேண்டும். ஆரம்பிப்பதானால் ஒன்றாக வளர்ந்த இளசுகளாக, ஓர் ஆணும் இரண்டு பெண்ணும் போதும். குடும்பமாக வாழும் ஜாதி இது. பெண்கள் ஒரே கூட்டில் குட்டிகளை வைத்துக்கொள்ளும். ஆனால் வளர்ந்த பிறகு புதிதாக ஒன்றை உள்ளே விட்டால் கடித்துக் கொன்றுவிடும். மெல்லிய பிளாஸ்டிக் டப்பா ஆகாது, ஒரே ராத்திரியில் ஓட்டை போட்டுவிடும். வயதானதில் கட்டி தெரிந்தால் ஆச்சரியப்படாதே, அது 1957-லிருந்தே தெரிந்த விஷயம்.

இரண்டாவது அவன் குழந்தை. லாஸாவை விடு, சால்மொனெல்லா எந்த வளர்ப்பு எலியிடமும் இருக்கலாம். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு அது கடுமையாகப் போகும் வாய்ப்பு அதிகம். கூண்டு சமையலறைப் பக்கம் இருக்கக் கூடாது. வீட்டுக்குள் வரும் காட்டுச் சுண்டெலி கூண்டை நெருங்கக் கூடாது; அது வேறு வைரஸைத் தொற்ற வைக்கும். குழந்தை அந்த அறைக்குள்ளேயே போகக் கூடாது.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "எங்க வீட்ல தனி ரூம் இல்லடா" என்றான்.

இப்போது மாதம் நான்கு எலி, உறையவைத்தது, கடையில் வாங்குகிறான். பாம்பு அதையும் சாப்பிடுகிறதாம். பெண்ணுக்கு ஆறு வயதாகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறான்.